கொடிமரத்தடியில் துரை

செபமாலைக்குப் பேச்சு ஒருநாளும் குறைவுபட்டதில்லை. மன்னார்க் கரையில் கீரி என்ற ஊரின் மீனவர் சங்கத்துக்குப் பல வருடமாக அவர்தான் தலைவர். கூட்டத்தில் அவர் மைக்கைத் தேடமாட்டார். அது இல்லாமலே அவருடைய குரல் பக்கத்து ஊரான தாழ்வுபாடு வரைக்கும் போகும் என்று பொடியன்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் தன் வீட்டு நாயைப் பற்றி மட்டும் ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. நாயின் பெயர் துரை. அதை வளர்ப்பது மனைவி வசந்தமலர், தனக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது அவருடைய கட்சி. துரைக்கு இது விளங்கவில்லை. சந்தைக்கும் சங்கத்துக்கும் பூசைக்கும் அவர் பின்னால்தான் திரிந்தது.

கோயில் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம், துரை அடிக்கடி காலைத் தூக்கத் தொடங்கியது. போனதோ துளித்துளியாக. ஒருநாள் விடியற்காலையில் வேலியோரம் மணல் சிவந்து கிடப்பதைக் கண்ட வசந்தமலர், நாயை ஓட்டோவில் ஏற்றி மன்னார் நகரத்துக்குக் கொண்டுபோனாள். செபமாலையும் ஏறிக்கொண்டார். ஓட்டோக்காரனுக்கு வழி தெரியாது என்று காரணம் சொன்னார்.

மிருக வைத்தியர் சுபத்திரா இளம் பெண். துரையின் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, உள்ளே கல்லா கிருமியா என்று தெரியாமல் மருந்து தரமுடியாது என்றாள். நாயின் சிறுநீரைப் பிடித்துவர, மூடி போட்ட சின்னப் போத்தல் ஒன்றை நீட்டினாள். நிலத்தில் விழுந்ததை அள்ளிக்கொண்டு வரக்கூடாது, விழமுதல் ஏந்தவேண்டும்.

"சலம் எப்ப கிடைச்சாலும் உடனே கொண்டு வாங்கோ, அங்கிள். முழுக்க அடைபட்டுதெண்டா நாய் தப்பாது."

இதெல்லாம் ஒரு வேலையா என்று செபமாலை போத்தலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திருக்கை மீன் பிடிக்கிற கை அது.

துரைக்கு மானம் இருக்கிறது என்பது அடுத்த நாள்தான் தெரியவந்தது. கால் பாதி உயரும்போது அடியில் ஒரு மனித முகம் தெரிந்தால் யாருக்குத்தான் வரும்? செபமாலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியபடியே அதன் பின்னால் நகர்ந்தார். துரை திரும்பிப் பார்த்துவிட்டுக் காலை இறக்கியது. பிறகு வசந்தமலர் நீளக் காம்பு அகப்பையோடு வந்தாள். அகப்பையைக் கண்டால் துரைக்குச் சோறுதான் நினைவு. வாலை ஆட்டி அதை நக்கியது. கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். கருவாடு காயப்போட்ட பெண்கள் வேலையை விட்டுவிட்டு, தலைவர் நாய்க்குப் பின்னால் தவளைபோலப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியில், தெருவோரம் நின்ற கழுதை ஒன்று யாரும் கேட்காமலே ஒரு வாளி நிறையப் பெய்துவிட்டுப் போனது. செபமாலை அதைப் பொறாமையோடு பார்த்தார்.

அதற்கு மறுநாள் கொடியேற்றம். துரை காலையிலிருந்து ஒரு துளியும் விடவில்லை, வயிறு கல்லுப்போல இருந்தது. அதைக் கட்டிவைத்துவிட்டு, போகவா வேண்டாமா என்று செபமாலை வேலிப் படலையடியில் கனநேரம் நின்றார். அந்த வருடம் கொடிக்கயிறு இழுக்கும் உரிமை சங்கத் தலைவருக்குத்தான். ஊர் காத்திருக்கும், போங்கோ, நான் நாயைப் பார்க்கிறேன் என்று வசந்தமலர்தான் அனுப்பினாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம். கட்டிவைத்தாலும் அது அவர் பின்னால்தான் வரும் என்று, போத்தலை அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டதும் அவள்தான்.

கோயில் முற்றத்தில் சனம் நிறைந்திருந்தது. கொடிமரத்தைச் சுற்றிக் குரோட்டன் சாடிகள், பக்கத்தில் மைக். பங்குச் சுவாமி செபம் சொல்லி முடிக்க, செபமாலை கயிற்றை இழுத்தார். கொடி பாதி மரம் ஏறியபோது, அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, சனத்தின் கால்களுக்குள்ளால் துரை வந்து சேர்ந்தது. சாடிகளை மணந்து பார்த்தது. ஒன்றைத் தெரிந்தெடுத்தது. காலைத் தூக்கியது.

செபமாலை மேலே கொடியைப் பார்த்தார். கீழே நாயைப் பார்த்தார். கயிற்றை விட்டார்.

கொடி சரசரவென்று இறங்கிச் சுவாமியின் தலையை மூடியது. செபமாலை போத்தலோடு முழந்தாளில் விழுந்தார். பின்னால் நின்றவர்களுக்கு நாய் தெரியவில்லை. தலைவர் முழந்தாளிட்டது மட்டும்தான் தெரிந்தது. ஆகவே அவர்களும் முழந்தாளிட்டார்கள். ஏன் என்று தெரியாமலே கடைசி வரிசை வரைக்கும் எல்லோரும் இறங்கினார்கள். சிலர் நெஞ்சில் அறைந்துகொண்டார்கள்.

இத்தனை பேர் ஒரேயடியாக அசைந்ததில் துரை மிரண்டு காலை இறக்கப் பார்த்தது. செபமாலை அதன் முதுகைத் தடவினார். வாழ்நாளில் முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். ஆனால் மைக் அவர் தலைக்கு மேலே இருந்தது. கோயில் கூரையிலும் தெருவிலும் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் எல்லாம் அதை ஊருக்குச் சொல்லின:

"பெய் ராசா, பெய். பயப்பிடாத. அப்பா இருக்கிறன்."

துரை பெய்தது. கொஞ்சம்தான், சிவப்புக் கலந்து, போத்தலில் கால்வாசிக்கு. செபமாலை மூடியை இறுக்கிக்கொண்டு எழுந்தபோது முழந்தாளிட்டிருந்த சனம் முழுக்க அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சுவாமி கொடியைத் தலையிலிருந்து எடுத்து, கலைந்த முடியைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்கள் போங்கோ, செபமாலை. கயிறை நான் இழுக்கிறன்," என்றார்.

அதற்குப் பிறகுதான் சிரிப்பு வெடித்தது. செபமாலையும் துரையும் ஓட்டோவில் ஏறும்வரைக்கும் அது அவர்களைத் துரத்திக்கொண்டு வந்தது. மூச்சிரைக்க ஓடிவந்த வசந்தமலரும் பாதி வழியில் ஏறிக்கொண்டாள்.

சுபத்திரா வைத்தியசாலைக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். போத்தலைக் கண்டதும் திரும்பத் திறந்தாள். நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, கல் இல்லை, கிருமிதான் என்றாள். மெல்லிய குழாய் விட்டு, தேங்கிக் கிடந்ததை வெளியே எடுத்தாள். துரை முனகியபோதெல்லாம் செபமாலை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருந்துக் குளிசைகளை ஒழுங்காகக் கொடுத்தால் சுகமாகிவிடும் என்று அவள் சொன்னதும், அங்கிருந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். ஊருக்கு என்ன முகத்தோடு போவது என்ற கவலை அப்போதுதான் அவருக்கு வந்தது.

விடிந்ததும் படலையில் ஆள் கூப்பிடும் சத்தம். பகிடி பண்ண வந்துவிட்டார்கள் என்று நினைத்துச் செபமாலை வெளியே வரவில்லை. வசந்தமலர் போய்ப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள். வெளியே, சங்கத்தில் எல்லோரையும் அதட்டிப் பேசும் ரோலர்ப் படகுக்காரர் ஒருவர், துவாய் மூடிய மீன்கூடையோடு நின்றார். கூடைக்குள் ஒரு வயதான பூனை. ஒரு கிழமையாகச் சாப்பிடவில்லையாம். அந்த டொக்டரம்மா பூனையும் பார்ப்பாவா என்று, தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

செபமாலை படலையைத் திறந்து, உள்ளே வந்து இருக்கச் சொன்னார்.