எஃபியின் நடுக்கமும் வில்ஃபின் வரியும்

கைநடுக்கம் எனக்கு. அதற்கான வரிச் சலுகை பக்கத்தில் உட்கார்ந்திருந்த வில்ஃபுக்குப் போகும் என்று லொரெட்டா சொன்னதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கோப்பையைப் பிடிக்க முடியாம சிந்தறது நானு. லாபம் இவனுக்கா?"

மார்ச் மாதம் வந்தால் எங்கள் ஊர்த் தேவாலயத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் காசு வாங்காமல் வரிக்கணக்கு எழுதித் தருகிறவள் லொரெட்டா.

"எஃபி கண்ணு, உனக்கு வருமானமே இல்ல. இல்லாத வரியில எதைக் கழிக்கறது? தனியாளா இருந்தா இந்தச் சலுகை வீணாத்தான் போகும். கூட வாழறவர் இருந்தா அவர் வரியில கழிச்சுக்கலாம்."

"எங்களுக்குக் கல்யாணமே ஆகலையே."

"ஒரு வருஷம் சேர்ந்து குடித்தனம் பண்ணினாப் போதும்."

மோதிரம் மாற்றாத நாங்கள் இருவரும் வருஷா வருஷம் 'தனியாள்' என்றே எழுதிக் கொடுத்திருந்தோம்.

திங்கட்கிழமை வில்ஃப் மறுபடி நாட்டின் மறுகோடியில் இருக்கும் அல்பர்ட்டா எண்ணெய் வயலுக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அவன் இல்லாத நாட்களில் பொத்தான் போட ஆளில்லாமல் இரவு உடையிலேயே கிடப்பேன். போகாதே என்று சொல்ல வாய் வராது. வீட்டுக் கணப்புக்கு எண்ணெய் வாங்க அந்தச் சம்பளம் வேண்டும்.

"எப்பலேந்து சேர்ந்து இருக்கீங்க?" என்றாள் லொரெட்டா.

"இவ வீட்டுக் கூரையைப் புயல் பிச்சுக்கிட்டுப் போச்சே, அந்த அக்டோபர்லேந்து," என்றான் வில்ஃப். "ஒரு வாரம்தான்னு வந்தா."

"போகச் சொல்றதுதானே?" என்றேன் நான்.

"சொல்லத்தான் வந்தேன். நீ மீன் வறுத்து வச்சிருந்தே."

லொரெட்டா பழைய வருஷங்களையும் கிளறினாள். "டாக்டர் உன் வியாதியை ஏழு வருஷத்துக்கு முன்னாடிலேந்து எழுதிக் கொடுத்திருக்கார். அதெல்லாம் திருத்திக் கேக்கலாம். தனியாள்னு வாங்கின உதவித்தொகையில கொஞ்சம் திருப்பிக் கட்டணும். அது போனாலும் வில்ஃபுக்குத் திரும்பி வர்ற வரிப்பணம் ரெண்டு குளிர்காலத்துக்குத் தாங்கும். இனிமே வருஷா வருஷமும் உண்டு."

வரி போடுகிறவர்களை நான் வாழ்த்துவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அன்று மனசார வாழ்த்தினேன். லொரெட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் நடுக்கத்தில் அவள் கையும் ஆடியது, அவள் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வில்ஃப் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அல்பர்ட்டாவில் இருக்கும் மேஸ்திரிக்குப் போன் போட்டான்.

"இல்லப்பா, நான் வரல. இந்தத் தடவை மட்டும் இல்ல, இனிமேயே வரல. என் பொண்டாட்டிக்கு உடம்பு முடியல. நான் கூட இருக்கணும். இங்கயே ஏதாவது வேலை பாத்துக்கறேன்."

சேர்ந்து வாழ்ந்த பதினொரு வருஷத்தில் 'பொண்டாட்டி' என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். அழுவதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று, டீயில் பால் போதவில்லை என்று கத்தினேன். அவன் இன்னும் டீயே ஊற்றவில்லை.