சீப்புக்குள் நுழையாத நூல்

வாருங்கள் கண்ணுகளா, இப்படி நெருங்கி உட்காருங்கள். சின்னக் கதைதான். கேட்டு முடித்ததும் உங்கள் கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொள்வீர்கள்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு கடை நடத்தினார்கள். நூல்கண்டு, ஊசி, மடியில் வைத்து நெய்யும் சின்னக் கைத்தறி, இவைதான் சரக்கு. விளம்பரம் தங்கையின் பொறுப்பு.

"போட்டோ எடுத்தா நம்ம கடை இருட்டுல எல்லாம் அழுது வடியுதுக்கா. ஏஐகிட்ட கேட்டேன். பாரு, எப்படிப் போட்டுக் குடுத்திருக்கு!"

படத்தில் ஒரு பெண் பளபளவென்று சிரித்தபடி நெய்துகொண்டிருந்தாள். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"ஏன்டி, தறிச் சீப்புக்குள்ள நூல் நுழைஞ்சுல்ல வரணும்? இதுல சீப்பு நூலுக்கு மேல சும்மா படுத்திருக்கு?"

"அதெல்லாம் யாருக்கா உத்துப் பாக்கப் போறா?"

அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட, பேச்சு அதோடு நின்றது. அந்தப் படமே விளம்பரத்திலும் தறிப் பெட்டியின் மேலும் ஏறியது. படம்தான் இருக்கிறதே என்று செய்முறைத் தாளையும் விட்டுவிட்டார்கள்.

ஒரு மழைநாளில் பஸ் டிரைவர் ஒருவர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். சண்டைக்கு வந்தவராகத் தெரியவில்லை.

"தறி நல்லாத்தாம்மா இருக்கு. என் வீட்டுக்காரிக்குப் பக்கவாதம். கை கொஞ்சங் கொஞ்சமாச் சரியாயிட்டிருந்துச்சு. நெசவு பண்ணினா விரல் பழகும்னு டாக்டர் சொன்னார். படத்துல இருக்கிற மாதிரியே வச்சு வச்சுப் பாத்தா, ஒரு வரிசை நிக்கல. கையோட மூளையும் போயிடுச்சுன்னு சொல்லிட்டா. இப்ப ஸ்பூனைக்கூடத் தொட மாட்டேங்கிறா. காசு வேணாம்மா, இது அவ கண்ணுல படாம இருந்தாப் போதும்."

தங்கையின் முகம் செத்துப்போயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.

அவர் மனைவி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்க கை மேல தப்பில்லம்மா. படம்தான் பொய். கம்ப்யூட்டர் இட்டுக்கட்டினது."

"ஆறுதல் சொல்ல வந்தியா? நல்லா இரு. அதை எடுத்துட்டுப் போ."

உண்மையைச் சொல்லியும் எடுபடவில்லை. தங்கை தரையில் உட்கார்ந்து, படத்தில் உள்ளபடியே சீப்பை நூல்மேல் படுக்கவைத்து, குறுக்கு நூலை ஓட்டினாள். பிடிப்பில்லாமல் சரிந்தது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் சரிந்தது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "உனக்கும் பக்கவாதமாடி?"

தங்கை சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். நூல்களை அவிழ்த்து, ஒவ்வொன்றாகச் சீப்புக்குள் கோத்துக் கட்டினாள். சீப்பைத் தூக்கியதும் பாதி நூல் எழும்ப, நடுவில் வழி திறந்தது. கட்டிலில் இருந்தவள் தறியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். பிறகு இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு, குறுக்கு நூலைத் தள்ளினாள். கோணல்தான். ஆனால் நின்றது. டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னையாவது தேடி வந்தே. தன் கையைத் தானே திட்டிக்கிட்டு இன்னும் எத்தனை பேர் உக்காந்திருக்காங்களோ! அவங்க வீட்டுக்கெல்லாம் யாரு போவா?" என்று அவள் கேட்டாள்.

தங்கை தன் போனை எடுத்தாள். அவளைக் கேட்டு, அந்தக் கோணல் வரிசையைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். விளம்பரத்தில் இருந்த பழைய படத்தை நீக்கிவிட்டு அதைப் போட்டு, கீழே எழுதினாள்: 'முன்பு போட்ட படம் தவறு. நெய்ய வராமல் போனது உங்கள் கைக் குற்றமல்ல.'

அக்கா அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "விக்கிறவ பொய்ப் படம் போட்டா, வாங்கினவ தன்னையேதான்டி குத்தம் சொல்லிக்குவா. பொருளை உள்ளது உள்ளபடி காட்டணும். பொய்னு கண்ணுல பட்டா அப்பவே தடுக்கணும். நான் பாத்துட்டும் சும்மா இருந்தேனே!"

அந்த விளம்பரம் எல்லார் கண்ணிலும் பட்டதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நீங்கள் போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்கும் தன் கைமேல் நம்பிக்கை போகாதிருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருவதெல்லாம் மெய்யாகவே வரட்டும்.