ஐந்தில் ஒரு பங்கு

பூரோஸ் ஊரின் பல் பட்டறை ஒன்றில் மார்கிட் பதினெட்டு வருடமாகச் செயற்கைப் பல் செய்கிறாள். வெள்ளைச் செராமிக் வட்டுகளை இயந்திரத்தில் மாட்டுவாள்; அது குடைந்து பற்களாக்கித் தரும். ஒரு வட்டில் பல்லாக மாறுவது கால்வாசிதான். மிச்சத்தில் பெரும்பகுதி கோதுமை மாவு போலத் தூளாகி உறிஞ்சுபைக்குள் போய்விடும். அதை வைத்து என்ன செய்யலாம் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. மார்கிட்டுக்கு மட்டும் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

இரண்டு வருடத் தூளைச் சலித்து ஒரு பீப்பாயில் சேர்த்து வைத்திருந்தாள். முதலாளி தூரே அதில் இரண்டு தடவை இடித்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை குப்பை வண்டி வருது. அதுக்குள்ள இதுல உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டு. இல்லைன்னா பீப்பா வண்டியில ஏறிடும்" என்றான்.

மார்கிட்டின் தம்பி சிக்ஸ்டென் கம்பளி நூல் ஆலை நடத்துகிறான். நூல் ஓடும் எஃகு வளையங்களை அந்த நூலே அறுத்து ஒரே வாரத்தில் பள்ளமாக்கிவிடுகிறது என்று காப்பி நேரத்தில் எப்போதும் புலம்புவான். பல்லுக்கு ஆகிற செராமிக் நூலுக்குத் தாங்காதா? அவனிடம் ஒரு வளையத்தை வாங்கி அளந்தாள். வெளிவிட்டம் சரியாக இருபது மில்லிமீட்டர். ஒரு மயிரிழை பிசகாமல் அச்சு வெட்டி, தூளைப் பசையோடு அழுத்தி, பற்கள் சுடும் உலையிலேயே செவ்வாய்க்கிழமை வைத்தாள்.

புதன் காலை உலையைத் திறந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வளையம் பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தது. ஆனால் பதினாறு மில்லிமீட்டர்தான் இருந்தது.

தூரே எட்டிப் பார்த்தான். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"சுட்டா அஞ்சுல ஒரு பங்கு சுருங்கும்னு புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்றது யாரு?"

"நான்தான்."

"அப்புறம்?"

"அந்தக் கணக்கை இயந்திரமே போட்டுக்கும். நான் கையால போட்டு எத்தனை வருஷமாச்சு" என்றாள். சொல்லும்போதே அவமானமாக இருந்தது. பல்லை எப்போதும் பெரிதாகவே குடைந்து தரும் இயந்திரம், பதினெட்டு வருடமாக அவளுக்காக யோசித்திருக்கிறது.

புது அச்சு வெட்ட நாள் இல்லை. இருந்தாலும் அந்தக் குட்டி வளையத்தில் நூல் எப்படி ஓடும் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. சாயங்காலம் ஆலைக்கு எடுத்துப் போனாள்.

"இது என்ன, எலிக்குக் கம்மலா?" என்றான் சிக்ஸ்டென்.

"வாயை மூடிட்டு நூலைக் கோத்துப் பாருடா."

எஃகு வளையம் உட்காரும் தாங்கியில் போட்டதும் அது நழுவிக் கீழே விழுந்தது. அவன் அதைப் பொறுக்கி, கண்ணருகே கொண்டுபோய், கம்பளி நூலை உள்ளே விட்டு இழுத்தான். மறுபடியும் இழுத்தான். கிண்டல் நின்றுபோனது.

"இதை இங்கேயே விட்டுட்டுப் போ" என்றான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் பீப்பாயைச் சாய்த்து உருட்டத் தொடங்கினான். அப்போது தொலைபேசி அடித்தது. மார்கிட் எடுத்தாள்.

"ரெண்டு நாளா அந்த வளையத்துல ஆலையிலேயே ரொம்ப முரட்டு நூலை ஓட்டறேன். நகத்தால தடவிப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை" என்றான் சிக்ஸ்டென். "இன்னும் பதினொண்ணு வேணும்."

தூரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஓட்டுநரைப் பார்த்துக் கையை உயர்த்தினான். பீப்பாய் வாசல்படியிலேயே நின்றது.

"இந்தத் தடவை கணக்குப் போட்டு இருபதுக்கே செஞ்சு தரேன்" என்றாள் மார்கிட்.

"ஐயோ, வேண்டாம். உன் எலிக் கம்மல் உக்கார்ற மாதிரி பன்னிரண்டு தாங்கிக்கும் உள்ளே இடைவெளி அடைக்க மர வளையம் கடைஞ்சு மாட்டிட்டேன். அதே தப்பு அளவுலயே குடு."