பொய் சொன்ன முள்

வேகம் காட்டும் முள் இருநூறைத் தாண்டியது. அந்த விமானத்துக்கு இருநூறில் பறக்க வராது. உமாபதிக்கு அது தெரியும். பெட்டிகளில் துண்டு துண்டாக வந்ததை அக்கா புருஷன் சோதிலிங்கத்தோடு சேர்ந்து பூட்டியவன் அவன். ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்து வாடகைக் கொட்டகை ஒன்றில், வேலை முடிந்து வந்த களைப்போடு, ஆறு வருசம்.

"என்னடா இந்த ஓட்டம்?" பக்கத்து இருக்கையில் இருந்த சோதிலிங்கம் கேட்டார். லொறி ஓட்டுகிறவர். "ஆட்டோபான் றோட்டிலயே நான் இப்பிடிப் போறேல்லை."

வேகத்தைக் குறைக்க உமாபதி மூக்கைத் தூக்கினான். முள் இறங்கவில்லை. மேலும் தூக்கினான். முள் மேலும் ஏறியது. சிறகு நடுங்கத் தொடங்கியது, பிறகு இடப்பக்கம் பொத்தென்று சரிந்தது. கைப்பிடியை முன்னால் தள்ளினான். காடு கண்ணாடி நிறைய எழுந்து வந்தது. பிறகு விமானம் மெல்ல நிமிர்ந்தது.

வேகம் குறைந்த விமானம்தான் இப்படிச் சரியும். இது வேகமாகப் போகவில்லை. முள்தான் பொய் சொல்கிறது.

இடது சிறகின் கீழே விரல் தடிப்பில் ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதற்குள் புகுந்து தள்ளுகிற தள்ளில்தான் முள் சரியாக அசையும். உமாபதி குனிந்து பார்த்தான். குழாயின் வாயில் மஞ்சளாக ஒரு பொட்டு, நடுவில் சிவப்பு.

அக்கா கலாதேவி வைத்தது. புதுக் கார் எடுத்தால் ஊன்ட்றொப் அம்பாள் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யலாம். விமானத்தை எப்படிக் கொண்டுபோவது? ஐயரிடம் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு அவளே ஓடுபாதைக்கு வந்துவிட்டாள். எஞ்சினுக்கும் மூன்று சில்லுக்கும், பிறகு மூக்குப்போல் நீட்டிக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு. உமாபதி பூசைக்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருந்தான். பூசைக்குப் பின் பார்க்கவில்லை. "ராகுகாலம் துடங்கப் போகுது, ஏறுங்கோடா!" என்று அவள் துரத்த, இருவரும் ஏறிவிட்டார்கள். கிளம்புவதற்காகப் புல்லில் ஓடும்போது அவன் கண் மண்மேடுகளில் இருந்தது. முள் அசையாமல் தூங்குவதை யார் பார்த்தது?

"கலா வைச்ச பொட்டோ?"

"ஓம் அத்தான்."

சோதிலிங்கம் முள்ளின் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினார். "லொறியில இப்பிடித் தட்டினா வேலை செய்யும்."

"இது செய்யாது. உயரம் ஏற முள்ளும் ஏறும், இறங்க இறங்கும். வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"அப்ப பெரிய ஏர்போட்டுக்கு விடு. நீளமாக் கிடக்கும்."

அந்தப் பக்கம் மழை கறுத்த சுவர்போல் நின்றது. உமாபதி அதைக் கையால் காட்டினான்.

கீழே இருந்த அவர்களின் ஓடுபாதை மலைச்சரிவில் ஒரு புல் துண்டு. ஒரு பக்கம் காடு. நிலத்துக்குள் இருந்து எலி கிளப்பிய மண்மேடுகளைப் போன கிழமைதான் மண்வெட்டியால் தட்டினார்கள், மறுபடி முளைத்திருந்தன. சோதனைப் பறப்புகளில் அங்கே இறங்கிய ஒவ்வொரு முறையும் உமாபதி அடியில் படுத்து, முன்சில்லுக் காலின் பற்றவைத்த ஒட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் வழித்துப் பார்ப்பான். ஒருமுறை காலையே மாற்றியாயிற்று. கொஞ்சம் வேகமாக இறங்கினால் மேட்டில் துள்ளி அந்தக் கால் முறியும். கொஞ்சம் மெதுவாக வந்தால் வானத்திலிருந்து கல்லாக விழும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைச் சொல்லத்தான் அந்த முள்.

சோதிலிங்கம் போனை எடுத்தார். "வழி காட்டுற நவி வேகமும் காட்டுதடா. தொண்ணூறு."

"அது நிலத்து வேகம். காத்து எவ்வளவு எதிர்க்குதெண்டு அதுக்குத் தெரியாது."

"தெரிஞ்சதைச் சொல்லுது. நான் வாசிக்கிறன்."

முதல் தடவை வேகம் கூடிவிட்டது. பாதி ஓடுபாதை சில்லின் கீழே தொடாமலே ஓடியது. முழு எஞ்சின் கொடுத்து மேலே தூக்கினான். ஓரத்தில் கலாதேவி போனில் படம் பிடித்தபடி கையை ஆட்டினாள். தனக்காகத்தான் தாழப் பறந்து காட்டுகிறார்கள் என்ற சந்தோசம் அவளுக்கு.

"பார் அவளை," சோதிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "அவளுக்குச் சொல்லிப்போடாதை உமா. நான் செத்தாலும் சொல்லாதை."

"வாயைப் பொத்துங்கோ அத்தான். வாசியுங்கோ."

இரண்டாம் தடவையும் துள்ளியது. சில்லு மேட்டில் அடித்து எழும்பியபோது கீழே ஏதோ முறுகும் சத்தம். மறுபடி மேலே. முதல் மழைத்துளிகள் கண்ணாடியில் நீளமாக ஓடின. இனிச் சுற்ற முடியாது.

மூன்றாம் தடவை அவன் காதால் ஓட்டினான். சிறகில் காற்று சீறும் சத்தம் மெலிந்தால் எஞ்சினைக் கூட்டினான், தடித்தால் குறைத்தான்.

"எண்பது. எண்பது. எழுபத்தஞ்சு. உமா, எழுபது."

காட்டின் மறைவுக்குள் நுழைந்ததும் எதிர்க்காற்று அறுந்தது. சத்தம் முழுதாக நின்றது. எஞ்சினைக் கூட்டக் கை போவதற்குள் நிலம் வந்துவிட்டது. இரண்டாள் உயரத்திலிருந்து விழுந்தார்கள். முன்கால் முறிந்தது. மூக்கு மண்ணை உழுதது, வால் எழுந்தது, மரங்கள் தலைகீழாகத் தொங்கின.

பெற்றோல் மணம். உமாபதி தடவித் தடவிப் பெற்றோல் குழாயின் பூட்டைத் திருகி அடைத்தான். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு கூரையில் விழுந்தான்.

"அத்தான்!"

பதில் இல்லை. முன்சுவர் நசுங்கி உள்ளே வந்திருந்தது. சோதிலிங்கத்தின் கால்கள் அதற்குள். இருக்கையைப் பிடித்திருந்தவை நான்கு ஆணிகள், அவனே முடுக்கியவை. கழற்றும் சாவி கையில் இல்லை. தகட்டைக் காலால் உதைத்தான், கையால் கிழித்தான். உள்ளங்கை கிழிந்தது. கத்தியபடி ஓடிவந்த கலாதேவி மறுபக்கம் பிடித்து இழுத்தாள். இருவருமாகப் புல்லில் இழுத்துப் போட்டபோது சோதிலிங்கம் ஆடு கத்துவதுபோல் ஒரு சத்தம் போட்டார்.

உயிர் இருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டது. கலாதேவி அவசர நம்பரை அழுத்திவிட்டு, ஜெர்மன் சொற்கள் எல்லாம் மறந்து, போனுக்குள் தமிழில் அழுதாள். உமாபதி அதைப் பறித்து இடத்தைச் சொன்னான்.

"உமா," கண்ணைத் திறக்காமலே சோதிலிங்கம் கேட்டார். "காலில உணர்வு தெரியேல்லை. கால் இருக்கோ?"

உமாபதி பார்த்தான்.

"ரெண்டும் இருக்கு அத்தான்."

வலது பாதம் பின்னால் திரும்பிக் கிடந்தது. அவர் தலையைத் தூக்கிப் பார்க்க முனைந்தார். உமாபதி அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான்.

"விடடா, பாக்கிறன்."

"இப்ப வேண்டாம்," என்றான். கையை எடுக்கவில்லை.