மாதிரி எண் பதினான்கு

எங்கள் மால்டோவாவில் ஈஸ்டர் முடிந்து எட்டாம் நாள் திங்கட்கிழமை, இறந்தவர்களுடையது. அன்று யாரும் வேலைக்குப் போவதில்லை. ஊரோடு கல்லறைக்குப் போவோம். இது அரசுச் செயலாளர் வலேரியு கர்னெட்டுக்கும் தெரியும். ஆனால் அமெரிக்க வர்த்தகக் குழுவுக்கு அந்தத் திங்கள் மட்டும்தான் ஒழிவாக இருந்தது. மற்ற நாட்களில் அவர்கள் எங்களைவிடப் பெரிய நாடுகளோடு நட்பைப் பலப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு ஊரே கல்லறையில இருக்குமே சார்," என்றேன். நான் லீவியு, அவருடைய மொழிபெயர்ப்பாளன். இருபது வருட அனுபவம்.

"நல்லதாப் போச்சு. எல்லாரும் நல்ல துணி போட்டிருப்பாங்க."

கடல் கடந்து நீளப்போகும் உறவுக்காக, ஒயின் ஆலையின் வாசல்வரை புதிதாகத் தார் போட்டார்கள். வாசலைத் தாண்டி நூறடி போனால் கல்லறை மேடு. அந்தப் பக்கம் எந்த உறவும் போகப்போவதில்லை என்பதால் அங்கே சேற்றை அப்படியே விட்டுவைத்தார்கள்.

நான்கு கார்கள் வந்து நின்றபோது ஆலை பூட்டியிருந்தது. காவலாளி சாவியோடு தன் அப்பாவைப் பார்க்க மேட்டுக்குப் போயிருந்தார். அவரைத் தேடி ஓர் ஆள் ஓடினான். கர்னெட் பூட்டுக்கு முன்னால் நின்று, ஐந்தாயிரம் வருடத்து ஒயின் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசினார். நான் அதை ஆங்கிலத்தில் இரண்டாயிரமாகக் குறைத்துச் சொன்னேன். விருந்தாளிகளோ மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பூவும் கூடையுமாக இருநூறு பேர். சிவப்பு முட்டை, மேசை விரிப்பு, நடுவே ஓடித் திரியும் குழந்தைகள்.

"என்ன விழா இது?" என்று கேட்டான் கர்ட்டிஸ் ஹாலன். குழுவிலேயே இளையவன், முப்பது வயதிருக்கும். மாதிரிகள் சேகரிப்பது அவன் பொறுப்பு.

கர்னெட் உதடு அசையாமல் சொன்னார்: "வசந்த விருந்தோம்பல் விழான்னு சொல்லு."

"சார், அது..."

"செத்தவங்களை ஏற்றுமதி பண்ண முடியாது லீவியு. சொல்லு."

சொன்னேன். அவர்கள் மகிழ்ந்துபோய்ச் சேற்றில் இறங்கி மேடேறினார்கள். சிலுவைகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஜனங்களும் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு யார் வந்தாலும் சாப்பாடு போடுவதுதான் வழக்கம்.

அப்போதுதான் ஊரார் அகாஃபியா அத்தை என்று கூப்பிடும் ஓர் அம்மாள் வந்தார். கறுப்புத் தலைத்துணி, மண் ஒட்டிய முழங்கால். கையில் ஒரு துண்டு. அதில் மக்காச்சோளத் தண்டால் அடைத்த சிறிய மண்குடுவை, முறுக்கிச் சுட்ட ரொட்டி வளையம், ஒரு மெழுகுவர்த்தி. நேராகக் கர்ட்டிஸிடம் போய் நீட்டினார்.

"என் பையன் அனதோலோட ஆத்மாவுக்கு," என்றார் என்னைப் பார்த்து. "இங்கிலாந்துல கட்டட வேலையில சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். ஒரு வாய்த் தண்ணி குடுக்க நம்ம ஆளு ஒருத்தர் இல்ல. இந்தப் பையனுக்கும் அவன் வயசு, இவனும் தூரதேசத்துலேர்ந்து வந்திருக்கான். அதான் இவனுக்குக் குடுக்கறேன். எடுத்துச் சொல்லு தம்பி."

வாங்குகிறவர் 'கடவுள் அவன் பிழை பொறுக்கட்டும்' என்று சொல்லி, இரண்டு சொட்டை மண்ணில் சிந்திவிட்டுக் குடிக்க வேண்டும். குடித்தால்தான் அங்கே போய்ச் சேரும். குடிக்கிற வரைக்கும் அனதோலுக்குத் தாகம்தான்.

கர்னெட் என்னைப் பார்த்தார். கர்ட்டிஸ் பார்த்தான். அத்தையும் பார்த்தார்.

"கிராமத்தின் அன்பளிப்பு. உள்ளூர்த் தயாரிப்பு," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

கர்ட்டிஸ் அந்தச் சோளத்தண்டைத் தடவிப் பார்த்தான். "பொட்டலமே பேசுதே. இதை யாராவது கடையில வச்சிருக்காங்களா?"

"குடிக்கச் சொல்லு தம்பி," என்றார் அத்தை.

கேட்டேன். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். வேலை நேரத்தில் குடிக்கக் கூடாதாம், பரிசு வாங்கவும் கூடாதாம். ஆனால் மாதிரியாகப் பதிந்துகொள்ள விதியில் இடமிருக்கிறதாம். உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் பதமாக உள்ளே வைத்து, வாயை ஒட்டி, மேலே எழுதினான்: 14. முதல் பதின்மூன்றும் ஆலையின் பாட்டில்கள்.

"என்ன சொல்றான்?"

"ஊருக்குப் பத்திரமா எடுத்துட்டுப் போய்க் குடிப்பாராம், அத்தை."

"சொல்லிட்டுக் குடிக்கணும். அதைச் சொன்னியா?"

"சொன்னேன்."

அத்தை என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். சாவி வந்து சேர்ந்தது. நிகழ்ச்சி நிரலில் பதினோரு நிமிடம் பின்தங்கியிருந்தோம்.

அன்று மாலை தலைநகரில், நான்கு கொடிகளுக்கு முன்னால் ஒப்பந்தம் கையெழுத்தானது. உறவைப் பலப்படுத்துவது பற்றிப் பேச வேண்டியதன் அவசியத்தை இரு தரப்பும் அதில் ஒப்புக்கொண்டன. பேனாக்களை விருந்தாளிகள் நினைவாக எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் காலை எட்டு மணிக்கு என் தொலைபேசி அடிக்கும்.

"குடிச்சானா?"

"இன்னும் தகவல் வரல அத்தை. கப்பல்ல போகுது."

"கப்பல்லயா. அனதோலுக்குக் கப்பல்னா பயம்." பிறகு, "சரி, அடுத்த வாரம் கேக்கறேன்," என்பார்.

ஜூலையில் கர்ட்டிஸின் அறிக்கை வந்தது. பதின்மூன்று பாட்டில்களுக்கும் சேர்த்து ஒரே வரி: சந்தையில் போட்டி அதிகம். பதினான்காவதற்கு ஒரு முழுப் பக்கம். புகைப்படத்தைப் பார்த்த ஒரு கடைக்காரர், கிறிஸ்துமஸுக்கு இரண்டாயிரம் பொட்டலம் கேட்கிறாராம். மாதிரி வந்து சேர்ந்ததும் உறுதி செய்வாராம்.

கர்னெட் நாற்காலியில் உட்காரவே இல்லை. "பாத்தியா? நம்ம பிஸினஸ் புத்தி எங்க இருந்திருக்கு பாரு. கல்லறையில இருந்திருக்கு." பொட்டலத்துக்கு 'மால்டோவாவின் மகிழ்ச்சி' என்று அவரே பெயர் வைத்தார். வாஷிங்டனுக்குப் போட்டுக்கொண்டு போகக் கோட்டுக்கு அளவு கொடுத்தார். அத்தையிடம் பேசி முடிக்கச் சொன்னார்.

பேசினேன். இரண்டாயிரம் பொட்டலம் வேண்டுமாம் என்றேன்.

"ரெண்டாயிரமா," என்றார் அத்தை. "அதுக்கு ரெண்டாயிரம் பேர் சாகணுமே தம்பி. நம்ம ஊர்ல மொத்தமே நானூறு பேர்தான் மிச்சம், அதுல பாதிப்பேர் இத்தாலியில இருக்காங்க." பிறகு, "அதை விடு. அவன் குடிச்சானா?"

கர்னெட்டிடம், மூலப்பொருள் தட்டுப்பாடு இருப்பதாக உற்பத்தியாளர் கருதுகிறார் என்று சொன்னேன். அவர் மானியத்துக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

அக்டோபரில் கடலுக்கு அந்தப் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒயினுக்கு லேபிள் இல்லை. ரொட்டிக்கு ஆய்வகச் சான்று இல்லை. சோளத்தண்டில் பூச்சி இருக்கலாம். மாதிரி எண் பதினான்கு விதிப்படி எரித்து அழிக்கப்பட்டது. தயாரிப்பாளர் இத்துடன் உள்ள படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்.

கர்னெட் கோட்டைத் தையற்காரரிடமிருந்து வாங்கவே இல்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவருடைய துக்கத்தை அலுவலகமே மதித்தது. நடக்கும்போதுகூட மெதுவாக நடந்தோம். மூன்றாம் நாள் படிவத்தை என் மேசையில் போட்டார். "நீயே போய்க் கையெழுத்து வாங்கிட்டு வா."

திராட்சை அறுவடைக் காலம். அத்தை முற்றத்தில் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நேர்லயே வந்துட்டியா. அப்ப குடிச்சிட்டான்."

"குடிச்சிட்டாராம் அத்தை."

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டுத்தான். கடிதம் போட்டிருக்காங்க." பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அரசாங்க முத்திரை அழகாக இருந்தது.

"அவங்க பாஷையிலயே படி. அவன் என்ன வார்த்தை சொன்னானோ, நான் கேக்கணும்."

தப்பிக்க வழியில்லை. பிரிவு எண், உட்பிரிவு எண், எரித்த முறை என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நிதானமாக, கொஞ்சம் உருக்கமாகவே படித்தேன். அத்தை தலைத்துணியைச் சரிசெய்து, கண்ணை மூடி, கை கட்டிக் கேட்டார். முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். படிவத்தில் நான் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

நான் கிளம்பிக் கதவுவரை வந்துவிட்டேன்.

"தம்பி," என்றார் பின்னாலிருந்து. "அனதோல் போனப்ப இங்கிலாந்துலேர்ந்து ஒரு கடிதாசு வந்துச்சு. உன்ன மாதிரி ஒருத்தர் தலைநகரத்துலேர்ந்து வந்து படிச்சுக் காட்டினார். விழுந்தவுடனே போயிட்டான், வலி தெரியலன்னு போட்டிருக்குன்னார். அத நம்பித்தான் ஒரு வருஷமாத் தூங்கறேன்."

"ஆமா அத்தை."

"அவரும் இப்படித்தான் படிச்சார். இதே மாதிரி நிதானமா." கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "நில்லு. எடுத்துட்டு வரேன்."

உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கார் வெளியேதான் நின்றது, சாவி என் கையில். போயிருக்கலாம்.

ஒரே ஒரு தாள். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. வாங்கி முதலில் மனத்துக்குள் படித்தேன். சாரம் சரிந்திருக்கிறது. பலகைகளுக்கு அடியில் அவன் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். என்ன பேசினான் என்று யாருக்கும் புரியவில்லை. மீட்க 3 மணி நேரம் ஆகியிருக்கிறது.

"விழுந்தவுடனே போயிட்டான்னுதான் போட்டிருக்கு அத்தை. வலி தெரியல."

அத்தைக்கு எங்கள் எழுத்தே அரைகுறைதான். ஆனால் எண் எந்த நாட்டிலும் எண்தான். ஈரம் காயாத விரலை அந்த வரியின் நடுவில் வைத்தார்.

"இது மூணுதானே. இது என்ன?"

இருபது வருட அனுபவத்தில் வாய்க்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அது பக்க எண், அத்தை."

அத்தை தாளை என் கையிலிருந்து வாங்கி மெதுவாகத் திருப்பினார். பின்பக்கம் ஒட்டுத்தாளைத் தவிர ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பினார். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்தார்.