யாரும் கூப்பிடாத இடம்

வீட்டில் அவளைக் கூப்பிடாத வாயே கிடையாது. மாமியார் அடுக்களையிலிருந்து கூப்பிடுவார், மாமனார் நாற்காலியிலிருந்து, கணவன் குளியலறைக்குள்ளிருந்து. காலில் சக்கரம் கட்டினாற்போல் ஓடுகிறவளுக்கு மூச்சுவிடக் கிடைத்த ஒரே இடம், அறக்கட்டளை நூலகத்தில் இருந்த உதவியாளர் மேசை. அங்கே நூலகர்கூட அவளைக் கூப்பிடமாட்டார். ஏதாவது வேண்டுமென்றால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அந்த மேசைக்குத்தான் ஆபத்து வந்தது. ஆளே வராத இடத்துக்கு வாடகை எதற்கு என்று அறக்கட்டளைக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். கூட்டம் சேராவிட்டால் இழுத்து மூடிவிடுவார்களாம். நூலகம், முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மார்க்கெட்டிங் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று நடக்கிறது, யாரையாவது அனுப்புங்கள் என்றும் சொன்னார்கள்.

நூலகர் முகத்தைச் சுளித்தார். "இந்த வயசுல நான் போய் கூவிக் கூவி விக்கணுமா? நீங்களே போய்ட்டு வாங்கம்மா."

மூடினால் நாள் முழுக்க வீடு. அவள் போனாள்.

பாடம் எடுத்த அம்மாள் பல காலம் சோப்பு விற்றவர். "உங்ககிட்ட வந்தா என்ன கிடைக்கும்? ஒரே வரியில சொல்லுங்க" என்றார்.

"நிறைய புத்தகம் இருக்கு மேடம்."

"சோப்புக்குள்ள என்ன இருக்குன்னு யாராவது கேட்டு வாங்குறாங்களா? குளிச்சா எப்படி இருக்கும்னுதானே பாக்குறாங்க? உங்களுக்கு அங்க என்ன கிடைக்குது? அதைச் சொல்லுங்க."

எல்லோரும் பார்க்கிறார்களே என்ற பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். "அங்க என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

வகுப்பு சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை. "அதையே போஸ்டர்ல போடுங்க."

'வந்து உட்காருங்கள். இங்கே உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.' பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, நூலக வாசலில் ஒன்று ஒட்டினார்கள். ஒட்டும்போதே, ஒளித்து வைத்த பண்டத்தைத் தெருவில் பரப்பிவிட்டது போல அவளுக்கு இருந்தது.

கூட்டம் வந்தது. மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு வெறுமனே சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் செய்தித்தாளை முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்கினார். சிலர் புத்தகமும் எடுத்தார்கள். உட்கார நாற்காலி போதவில்லை. நூலகர் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார்.

ஒரு நாள் நண்பகலில் மாமியார் வந்து நின்றார்.

"பஸ் ஸ்டாப்ல பாத்தேன். நீ எழுதினதா?"

"ஆமா அத்தை." இனி வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

மாமியார் அவள் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். "அடியே, குடிக்கத் தண்ணி கொண்டா."

கூடமே நிமிர்ந்து பார்த்தது. வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு கவனிக்கவேண்டும் என்பது வகுப்பில் படித்த பாடம். அவள் சிரித்த முகத்தோடு தண்ணீர் கொண்டுவந்தாள். மாமியார் குடித்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். பகலில் அவர் கண் மூடி அவள் பார்த்ததேயில்லை. நெற்றிச் சுருக்கமெல்லாம் தளர்ந்து, வேறு யாரோ போல இருந்தார்.

மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது. மாமனார்.

"உங்க அத்தை எங்கம்மா? மணி ஒண்ணாச்சு, தட்டுல ஒண்ணும் விழலையே!"

போனை மீறி வந்த குரலைக் கேட்டு, மாமியார் கண்ணைத் திறக்காமலே கையை ஆட்டினார். "நான் இங்க இல்லன்னு சொல்லு."

அவள் வாசல் போஸ்டரைப் பார்த்தாள். எழுதியது அவள்தானே.

"இங்க வரலியே மாமா."

"அப்ப நீ வா. பசி எடுக்குது."

"வேலையில இருக்கேன் மாமா..."

"பக்கத்துத் தெருதானே, ஒரு எட்டு வந்துட்டுப் போ." போனை வைத்துவிட்டார்.

நூலகரிடம் அனுமதி கேட்டாள். "தாராளமா போய்ட்டு வாங்கம்மா, இங்கதான் கூட்டம் தானா வருதே" என்றார் அவர்.

அவள் பையை எடுத்தாள். முதுகுக்குப் பின்னால் மாமியாரின் குரல், தூக்கக் கலக்கத்தில்:

"சூடு பண்ணிப் போடு. ஆறிப்போனா அவருக்கு இறங்காது."

வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இடம் கிடைக்காமல் நின்றிருந்த ஒருவர் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, நிம்மதியாக உட்கார்ந்துகொண்டிருந்தார்.