சம்பந்தி மரியாதை

ஈரமான கொசுவத்தைப் பிழிந்து உதறிக்கொண்டு இளமதி கொல்லிமலைப் படகுத்துறையின் பெண்கள் அறையிலிருந்து வெளியே வந்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் வெள்ளை வேனும் இல்லை, நீல வேனும் இல்லை. அவை நின்றிருந்த இடத்தில் அன்னாசித் தோலும் கடலைப் பொட்டணக் காகிதமும் கிடந்தன. ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, நமக்கு ஆகாது என்று போய்விட்டது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்யாணமாகி மூன்று வாரம் ஆகிறது. புதுப்பெண்ணைச் சீண்டிப் பார்க்க நாத்தனார் அருள்மொழி தினம் ஒரு வேலை செய்வாள். வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து நடந்தாள். வளைவு தாண்டியும் ரோடு செம்மேடு ஊருக்குப் போகும் பக்கம் வெறிச்சென்று கிடந்தது. அவளுடைய சிரிப்பும் அங்கேயே நின்றுபோயிற்று.

இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்களே, ஒருத்தர் கண்ணிலுமா புதுப்பெண் படவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அசட்டை என்றால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டுப் போகலாம். இது மரியாதையால் வந்த வினை.

கல்யாணத்தன்று மதியப் பந்தியில் இளமதியின் தாய்மாமன்களுக்கு முதல் பந்தியில் இடம் கிடைக்கவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, கூட்டம் அப்படி. ஆனால் அவளுடைய அப்பா அர்த்தனாரி கொத்தனார் மேஸ்திரி. நாள் முழுக்க ஆட்களிடம் கத்தியே பழகிய தொண்டை. "எங்க மச்சானுங்களுக்கு எச்சி இலை எடுக்கிற வரைக்கும் நிக்கோணும்னு தலையெழுத்தா?" என்று அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா காளியண்ணன் வந்து கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் அடங்கினார்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டாரும் ஒருவரோடு ஒருவர் பேசும்போது முள் மேல் கால் வைப்பதுபோலத்தான் வார்த்தையை வைத்தார்கள். மனக்கசப்பைத் தீர்த்துவிடலாம் என்றுதான் காளியண்ணன் இந்தச் சுற்றுலாவை ஏற்பாடு செய்தார். "கொல்லிமலைக்கு ஒருநா போய்ட்டு வரலாமுங்க சம்பந்தி. நம்ம ஊட்டு மேலயே மலை நிக்குது, நாமதான் பார்த்ததில்ல." மாப்பிள்ளை வீட்டாருக்கு வெள்ளை வேன், பெண் வீட்டாருக்கு நீல வேன்.

அன்று முழுக்க மரியாதை மழையாகக் கொட்டியது. அறப்பளீஸ்வரர் சந்நிதியில் "நீங்க முன்னால வாங்க", "இல்லீங்க, நீங்க வாங்க" என்று இரண்டு சம்பந்திகளும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதில் பின்னாலிருந்த வரிசையே முணுமுணுத்தது. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளில் அவர் உட்காரட்டும் என்று இவரும், இவர் உட்காரட்டும் என்று அவரும், முழங்கால் நடுங்க நடுங்க நின்றுகொண்டே இளைப்பாறினார்கள். அருவிச் சாரலில் நின்றபோது மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அதைப் பார்க்க இளமதிக்கு நிறைவாக இருந்தது.

காலையில் புருஷன் முரளியிடம் அவள் ஒன்று கேட்டிருந்தாள். "ஏனுங்க, திரும்பறப்ப கொஞ்ச தூரம் எங்கம்மாகூட நீல வண்டியில வரட்டுங்களா?" அவன் ஆகட்டும் என்று சொல்லியிருந்தான். அம்மாவிடம் சொல்ல அவள் மறந்துவிட்டாள். கடைசியாகப் படகில் ஏறும்போது, தண்ணீரில் விழுந்துவிடப் போகிறது என்று கைப்பையையும் அருள்மொழியிடம் கொடுத்திருந்தாள். காலையிலிருந்து போட்டோ பிடித்துப் பிடித்துச் சார்ஜ் செத்துப்போன போன் அந்தப் பைக்குள் இருந்தது.

"ஏங்கண்ணு, யாரைத் தேடறே?"

படகுத்துறை வாசலில் அன்னாசிப் பழமும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் விற்கும் பெண்மணி கேட்டாள். பெயர் இருசாயி. மலைமேலேயே இருக்கும் திண்ணனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். கடையைக் கட்டிக் கூடையைத் தூக்கத் தயாராக இருந்தாள்.

"எங்க வண்டியைங்க. வெள்ளை ஒண்ணு, நீலம் ஒண்ணு."

"ரெண்டும் போயிருச்சே சாமி. வெள்ளை முன்னால போச்சு, நீலம் பின்னாலயே போச்சு. நீ எந்த வண்டி?"

சாதாரணக் கேள்விதான். காலையில் எதில் வந்தாள் என்று கேட்டிருந்தால் இளமதி சொல்லியிருப்பாள். எந்த வண்டி என்று கேட்டால், வெள்ளை என்று சொல்ல இன்னும் வாய் பழகவில்லை, நீலம் என்று சொல்ல இனி உரிமை இல்லை. நின்ற இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது.

இருசாயி கூடையைக் கீழே வைத்தாள். இவளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள். இடுப்பிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்து நீட்டினாள். "நம்பரைச் சொல்லு, போட்டுத் தாரேன்."

அங்கேதான் சிக்கல். இளமதிக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அப்பாவின் நம்பர் ஒன்றுதான். முரளியின் நம்பர் போனில் அவன் பெயரில் இருக்கிறது, அவள் தலையில் இல்லை. மூன்று வாரத்தில் புருஷனின் சட்டை அளவு தெரிந்திருக்கிறது, நம்பர் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"அப்பனுக்குத்தான் போடேன்."

"வேண்டாமுங்க." அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "எங்கப்பாவுக்கு முதல்ல தெரிஞ்சா அவ்வளவுதானுங்க. எம்பொண்ண மலையில உட்டுட்டு வந்துட்டீங்களான்னு நடுரோட்டுல வண்டியை மறிச்சுருவாரு. பந்திச் சண்டையே இன்னும் ஆறலை. இது நடந்தா ரெண்டு ஊடும் அப்புறம் மூஞ்சி பார்க்காது. எப்படியாச்சும் வெள்ளை வண்டிக்கு மட்டும் சேதி போகோணும்."

இருசாயி அவள் முகத்தையே பார்த்தாள். தன்னை விட்டுவிட்டுப் போனவர்களுக்குக் கெட்ட பேர் வந்துவிடக்கூடாதே என்று தவிக்கிற பெண்ணை அவள் அந்தப் படகுத்துறையில் இதற்கு முன் பார்த்ததில்லை. "மலை இறங்கற வண்டியெல்லாம் சோளக்காடுங்கற ஊர்ல டீ குடிக்காம இறங்காது. டீக்கடைச் சதீஷ்குமாரு நம்ம பையன்தான். இரு," என்று சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினாள். இளமதியும் பின்னால் ஓடிப்போய்ப் போனில் காதை ஒட்டினாள்.

"சதீசு, அக்கா பேசறேன். வெள்ளை வேன் ஒண்ணு, நீல வேன் ஒண்ணு வந்துச்சா?"

"ரெண்டும் நிக்குதுங்க்கா. இப்பத்தான் டீ ஆத்திட்டு இருக்கேன்."

"வெள்ளை வண்டிக்காரங்களை மட்டும் தனியாக் கூப்பிட்டு…"

அந்தப் பக்கம் கண்ணாடி டம்ளர் உடையும் சத்தமும், யாரோ ஓர் ஆண் உரக்கப் பேசுவதும் கேட்டது. அந்தத் தொண்டை யாருடையது என்று இளமதிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "அக்கா, இங்க என்னமோ தகராறு மாதிரி இருக்குது, வெச்சுடறேன்," என்றான் சதீஷ்குமார். அதோடு சிக்னலும் போய்விட்டது. இருசாயி நாலைந்து தடவை போட்டுப் பார்த்தாள். போகவில்லை.

முடிந்தது என்று இளமதி நினைத்தாள். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. மேட்டிலிருந்து இறங்கி மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

திண்ணனூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இருசாயியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் இவளைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். "நீங்க போங்க அண்ணா, நான் வாரலை," என்றாள். இளமதி பதறிப்போய் எழுந்து, ஊட்டுக்கு எப்படிப் போவீங்க என்று கேட்டாள். "நடந்தா ஊடு வராதா? ஒத்தையில உன்னை உட்டுட்டுப் போனா எனக்குச் சோறு இறங்குமா? உக்காரு." அந்த அதட்டல் இளமதிக்கு அம்மா அதட்டுவதுபோலவே இருந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து நன்றாக அழுதாள்.

அழுது முடிந்ததும் இருசாயி மிச்சமிருந்த கிழங்கைக் காரப்பொடி தூவிக் கொடுத்தாள். பிளாஸ்க்கிலிருந்து டீயும் ஊற்றினாள். இளமதி கையை மடக்கிக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. டீ எனக்கு ஆகாதுங்க. சின்ன வயசுல இருந்தே வாசனை பட்டாலே குமட்டும். பால்தான் குடிப்பேன்."

"மாமியா ஊட்டுல என்ன பண்றே?"

"அத்தை காலையில ஆசையாக் கொண்டாந்து குடுக்கறாங்க. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? பொறவாசல்ல செம்பருத்திச் செடி இருக்குது. யாரும் பார்க்காதப்ப அதுக்கு ஊத்திருவேன்."

"மூணு வாரமாவா?" இருசாயி சிரித்த சிரிப்பில் ஏரிக்கரைக் கொக்கு ஒன்று எழும்பிப் பறந்தது. "அந்தச் செடிக்கு இந்நேரம் தலைவலி வந்திருக்கும்." இளமதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிழங்கு நன்றாக இருந்தது. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாததை இந்த மனுஷியிடம் சொல்லிவிட்டோமே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே தின்றாள்.

வெயில் ஏரியை விட்டுப் போய் மிளகுக் கொடி சுற்றிய மரங்களின் தலைக்கு ஏறியிருந்தது. படகுக்காரர் படகுகளைக் கட்டிவிட்டுப் போனார். அப்போது வளைவில் ஹாரன் கேட்டது. வெள்ளை வேன். முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், நெருக்கியடித்துக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள். காளியண்ணனும் அர்த்தனாரியும். மற்றவர்களை டீக்கடையிலேயே இறக்கிவிட்டிருந்தார்கள்.

இளமதி பெஞ்சிலிருந்து எழுந்தாள். வேன் நிற்கும் முன்பே பின்கதவைத் திறந்துகொண்டு முரளி குதித்து ஓடி வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. "நீ உங்கம்மாகூட இருக்கறேன்னு…" என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பெரியவர்கள் பார்த்தும் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அர்த்தனாரி இறங்கினார். அவர் வாயைத் திறக்கும் முன் இளமதி முந்திக்கொண்டாள். "அப்பா, தப்பு என்மேலதானுங்க. நான்தான் யார்கிட்டயும் ஒழுங்காச் சொல்லலை. அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

"சொல்லலாம்னுதான் கை ஓங்கிட்டுப் போனேன் சாமி," என்றார் அர்த்தனாரி. அவர் குரல் அவ்வளவு தணிவாக வருமென்று அவளுக்கே தெரியாது. "டீக்கடையில எங்க வண்டிகிட்ட சம்பந்தி வந்தாரு. ஜன்னல் வழியா ஒரு டம்ளரை நீட்டுனாரு. மருமவளுக்கு டீ ஆகாதுங்களே, பால் ஆத்தச் சொன்னேன், குடுத்துருங்கன்னாரு. உங்க வண்டியிலதான இருக்குதுன்னேன் நான். கையில இருந்த டீயை அப்படியே கீழ போட்டுட்டேன். எம்பொண்ணு எங்கய்யான்னு சத்தமும் போட்டேன். ஆனா, அந்தப் பால் டம்ளரைப் பார்த்தனா…" அவர் துண்டால் மூக்கைத் துடைத்தார். "அதுக்கு மேல எனக்குத் திட்ட வாய் வரலை."

"நீங்க திட்டியிருந்தாலும் தகும் சம்பந்தி. தப்பு எங்களது," என்றார் காளியண்ணன்.

"இல்லீங்க. பெத்தவன் நானு. புள்ள ஏறிருச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். கட்டிக் குடுத்த பொண்ணை, உங்க வண்டியில எட்டிப் பார்த்துக் கேட்டா மரியாதையா இருக்காதுன்னு உட்டுட்டேன்."

"நாங்களும் அப்படித்தானுங்க. பெத்தவங்ககூட நிம்மதியா நாலு வார்த்தை பேசட்டும், நடுவுல போயி நிக்கக்கூடாதுன்னு ஊட்டுக்காரி சொன்னா. சரின்னு கிளம்பிட்டோம்."

நீங்க, இல்லீங்க என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தடவை அதில் முள் இல்லை. இருசாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காளியண்ணன் அப்போதுதான் நினைவு வந்தவராக வேன் பக்கம் திரும்பி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரைப் பதனமாக எடுத்தார். டீக்கடை டம்ளர். பதற்றத்தில் திருப்பிக் கொடுக்க மறந்து கையோடு கொண்டுவந்துவிட்டார் போல. வழியெல்லாம் உள்ளங்கையால் மூடிப் பிடித்தும் வளைவுகளில் பாதி சிந்தி, அவர் வேட்டியில் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. மீதிப் பாதி ஆடை படிந்து நின்றது.

"ஆறிப்போச்சு அம்மிணி," என்று நீட்டினார்.

இளமதி இரண்டு கையாலும் வாங்கினாள். "மாமா, எனக்கு டீ ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

காளியண்ணன் சம்பந்தியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, ஏதோ தானே குற்றம் செய்தவர்போல மெல்லச் சொன்னார். "செம்பருத்தி வாடிட்டே வந்துச்சு. பூச்சியான்னு பார்க்க ஒருநா வெள்ளன எந்திரிச்சுப் போயி நின்னேன். உங்கத்தைகிட்டச் சொன்னா சங்கடப்படுவா, உனக்கும் சங்கடமாயிரும். அதான் ஒரு வாரமா, நீ ஊத்திட்டுப் போனதும் வேருக்கு நல்ல தண்ணி நான் ஊத்திட்டு வாரேன்."

இளமதி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனிதர் தன் பொருட்டு விடியற்காலையில் குடத்தோடு செடியடியில் நின்றிருக்கிறார், தனக்குத் தெரியக்கூடாது என்றும் நினைத்திருக்கிறார். நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆடையோடு சேர்த்து அந்த ஆறின பாலைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

முரளி இருசாயியின் கூடையை வாங்கி வேனில் வைத்தான். "ஏறுங்கம்மா, ஊட்டுல உட்டுட்டுத்தான் மலை இறங்குவோம்," என்றார் அர்த்தனாரி. இருசாயி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இப்பச் சொல்லு கண்ணு, நீ எந்த வண்டி?"

"வெள்ளை வண்டிங்க," என்றாள் இளமதி. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.